திரைக்கு அந்தப் பக்கம் நடந்த பாடம்

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

உங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு முடிவுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று காலை முதல்வரே தொலைபேசியில் உறுதிசெய்தார். காரணம் கேட்டேன். "மேலிடத்துல கேளுங்க" என்று வைத்துவிட்டார். மேலிடம் என்றால் தேர்வுக் குழுத் தலைவர். அவர் எடுக்கவே இல்லை.

அந்தக் குழுவில் நீயும் இருக்கிறாய். கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. "உங்க தங்கச்சி வாயை மூடிட்டு இருக்கான்னா ஏதோ இருக்கு" என்கிறாள் உன் அண்ணி. என்ன நடந்தது?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

அண்ணி சொன்னது சரிதான். இதை உனக்கு எழுதுகிறேன், உன் பத்திரிகைக்கு இல்லை.

நான் போராடிக் கொண்டுவந்த திரை உனக்குத் தெரியும். பயிற்சி முடிப்பவர் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவார். தேர்வாளர்கள் நான்கு பேரும் துணித் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, காதால் கேட்டு மதிப்பெண் போடுவோம். முகம், உடுப்பு, பெயர் எதுவும் தெரியாது. முன்பெல்லாம் ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து, ஒருவர் தேறினாலே அதிசயம். திரை வந்தபின் நம்மவர்களில் பாதிப்பேர் தேறினார்கள். நாம் படித்த பள்ளியில் இப்போது நம் தெருப் பெண்ணே ஆசிரியை.

இந்த வருடம் காது கேளாத ஒரு பெண் தேர்வுக்கு வந்தாள். தன்னைப் போன்ற குழந்தைகளுக்குக் கையால் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் பக்கம் என்ன கேட்கும்? பெஞ்சு நகர்வது, காகிதம் மடிப்பது, நடுவில் ஒரு சிரிப்பு. இப்படி ஒருத்தி வருவாள் என்று விதி எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தலைவர் பேனாவை மூடினார். "ஆள் வாயே திறக்கலை. பூஜ்யம் போட்டுடலாமா?"

"வகுப்பு நடக்குதுங்க ஐயா. இதைக் கேக்க முடியாது, பாக்கணும்."

"பாக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானேம்மா."

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். குழந்தைகள் எல்லாரும் மடித்த காகிதத்தை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சரியாக முக்கால் பங்குக்கு வண்ணம். மற்ற இரண்டு தேர்வாளர்களும் குனிந்துகொண்டார்கள். தலைவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்தார். "நல்லதும்மா" என்றார்.

அன்றிலிருந்து நான் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று என் மேசை ஜன்னலோரத்தில் இல்லை. பழைய அலமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. யார் நகர்த்தச் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் திரையை விலக்கியதைக் குழு இன்னும் எழுத்தில் பதியவில்லை. ஆறப்போட்டால் அடங்கிவிடும், அந்தப் பெண்ணுக்கு வேறு நாளில் தேர்வு வைக்கலாம் என்கிறார் முதல்வர். ஒரு தடவையாவது நீ வாயைத் திறக்காமல் இரு.

உன் வாயாடி

மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

இன்றைய பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டாமல் படி. உன் பெயர் இல்லை. உன் கடிதத்தை மட்டும் நம்பி எழுதவும் இல்லை. குழந்தைகளை அழைத்து வந்த ஆயாவைப் பார்த்துப் பேசினேன். முதல்வரிடம் கேட்டேன், அவர் மறுக்கவில்லை. "தேர்வாளர் ஒருவர் திரையை விலக்கிப் பார்த்தார். குழந்தைகள் அனைவரும் கணக்கைச் சரியாகச் செய்திருந்தார்கள்." இவ்வளவுதான் செய்தி. இதில் எந்தச் சொல் தப்பு?

ஆறப்போடுகிறேன் என்பவர்கள் எதையும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் கை வைக்கத் தயங்குவார்கள். பயப்படாதே.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 19

மதிப்பிற்குரிய நிருபர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் தப்பில்லை. நேற்றுக் கூட்டத்தில் தலைவர் முதல் வாக்கியத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அடுத்ததை வாசிக்கவில்லை. "பத்திரிகையிலயே வந்தாச்சு. இந்தத் தடவை பாத்தவங்க, இதுக்கு முன்னாடி யார் யாரைப் பாத்து மார்க் போட்டாங்களோ" என்றார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த மேசையில் நம் பக்கத்து ஆள் நான் ஒருத்திதான். கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரை இனி கிடையாது. திரை இருந்த வருடங்களில் தேறியவர்கள் எல்லாரும் மறுபடி குழுவுக்கு முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும். தவறினால் வேலை போகும். அதற்கு முன் தேறியவர்களுக்கு மறுதேர்வு இல்லை. அவர்கள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள்.

நம் தெருப் பள்ளி ஆசிரியை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். "என்ன உடுத்திட்டுப் போகணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் என் அண்ணனுக்கு எழுதியதை நீங்கள் படித்துவிட்டீர்கள். இனிக் கேள்விகள் இருந்தால் முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
தேர்வாளர், இடைநீக்கத்தில்

ஏப்ரல் 7

அன்புள்ள தங்கைக்கு,

இதற்கு முன் எழுதிய எதற்கும் பதில் இல்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. அதனால் உன் கைக்கு வருகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். உன் அண்ணி என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

நேற்று உங்கள் தலைவர் தானாகவே என்னை அழைத்தார். செய்திக்கு நன்றி சொன்னார். "அவங்க உங்க தங்கச்சியாமே, சொல்லவே இல்லையே. அப்ப நீங்களும் ரயில்பாதைக்கு அந்தப் பக்கமா? உங்க பேச்சுல தெரியவே இல்லை" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் மறுதேர்வைப் பற்றிக் கேட்டேன்.

அவர் உறுதிசெய்தவை இவை: மறுதேர்வு வியாழக்கிழமை. கேள்விகள் எல்லாம் வாய்மொழி. காது கேளாத அந்தப் பெண்ணும் வரவேண்டும். சைகை தெரிந்த ஒருவரை அவளோடு விடுவீர்களா என்று கேட்டேன். "விதியில இல்லையே, பாக்கலாம்" என்றார். புதன் மாலைக்குள் சொல்வாராம். உன் விசாரணை வெள்ளிக்கிழமை.

இதைச் செய்தியாகக் கொடு என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதினால் உன்னை இன்னும் என்ன செய்வார்கள், எழுதாவிட்டால் அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. புதன் மாலைவரை அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் ஒரு வரி எழுது.

அண்ணன்