பாதியில் சேணத்தைக் கழற்றியது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

என் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்காததால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. பந்தய முடிவில் நம் குதிரைப் பெரியவர் பாதியில் விலகியதாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய், உன் அப்பாவும் தன் பங்குக்குச் சொல்லியிருப்பார். என் தரப்பையும் ஒரு தடவை படித்துவிடு.

பதினேழு வயதுக் குதிரையை நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழக்கலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. நீ போன பிறகு லாயத்தில் நின்று நின்றே வயிறு பெருத்த குதிரை, அதன்மேல் ஐம்பதை நெருங்கும் நான், ரெண்டு பேர்ல யார் முதல்ல உக்காருவீங்க என்று உன் அப்பா கேட்டார். ஆனால் லீவில் வரும்போது நீ அதை எண்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், விதிப்படி அதற்கு முன் அது நாற்பதை முடித்திருக்க வேண்டும், அடுத்த வருடம் என்றால் அதற்கு வயது தாங்காது என்று கெஞ்சினாய், ஒத்துக்கொண்டேன். தினமும் நான் ஆய்வுக்கூட வேலைக்குப் போகுமுன் நடை, கொஞ்ச நாள் கழித்து மெல்லோட்டம், பிறகு மேடு பள்ளம். மூச்சு சீக்கிரமே சீராகிவிட்டது. ஆனால் வயசான கால்ல தசைநார் இறுக ரொம்ப நாளாகும், மூச்சு வாங்கலையேன்னு நம்பி விரட்டிடாதீங்கம்மா என்று குதிரை டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

இத்தனையும் தனியாகவே பழக்கினோம், அங்கேதான் கோட்டைவிட்டோம். நீ வாங்குவதற்கு முன் அது சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்தே நடந்த பிராணி. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தயத்தன்று கொடி அசைந்ததும் ஓர் இளங்குதிரை எங்களைத் தாண்டியது, பெரியவர் அதன் வாலில் மூக்கை வைத்தவர் எடுக்கவே இல்லை. கடிவாளத்தை இழுத்து இழுத்து என் தோள் கழன்றதுதான் மிச்சம். முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்து, ஆன்ட்டி, தாத்தா என்ன இந்தப் போடு போடறார் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதித் தூரத்தில் பரிசோதனை. உன் அப்பா அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார், நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட்டது. அங்கிருந்த டாக்டர் நேராக ஓடவிட்டுப் பார்த்து, ஒரு குறையும் இல்ல, தாராளமா போலாம் என்றார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் திருப்பியபோது இடது முன்காலை ஒரே ஒரு முறை முழு எடை போடாமல் சிக்கனமாக வைத்தது. மறுபடி திருப்பினேன், ஒன்றுமில்லை. டாக்டரே சொல்லிட்டார், நீ என்ன அவருக்கு மேலயா, பிள்ளை அங்க காத்துக்கிட்டிருக்கா என்று உன் அப்பா கத்தினார். நான் சேணத்தைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் காலில் வீக்கமில்லை, சூடில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வீங்கியிருந்தால் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் செய்தது சரி என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை, தப்பு என்று காட்ட உன்னிடமும் இல்லை. உன் ஆசை மண்ணானது தெரிகிறது, அதற்கு வருத்தப்படுகிறேன், கழற்றியதற்கு இல்லை. தூரத்திலிருந்து திட்டுவது எளிது. அந்த முதுகில் உட்கார்ந்திருந்தது நான்.

பல் வலிக்கு மாத்திரையோடு நிறுத்தாமல் போய்க் காட்டு. கோபம் எவ்வளவு இருந்தாலும் லீவை மட்டும் ரத்து செய்துவிடாதே. உடம்பும் மனசும் தெம்பாக இருந்து நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். எண்பது கிலோமீட்டர் இல்லாமல் போனாலும், நீ வந்து இறங்கும் அன்று உன் குதிரை நாலு காலிலும் சமமாக நிற்கும். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

உன் அம்மா