செம்பிடம் சொன்ன பேச்சு

முதியோர் இல்லம்,
காரைக்குடி.
5-9-1973

அன்புள்ள தம்பி சேவுகனுக்கு,

இல்லத்து மேற்பார்வையாளர் புஷ்பவள்ளி எழுதுவது. பம்பாயில் மழை விட்டதா? இங்கே உங்கள் தாயாருக்கு உடம்பு தேவலை. கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறோம். நீங்கள் அனுப்பிய கம்பளி வந்தது. இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா என்று அவரே சிரித்தார்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

யாரை யாரோடு தங்க வைப்பது என்பது என் பொறுப்பு. ஒரே ஊர் என்றால் பேச்சுத்துணை ஆகுமே என்று, கீழச்சிவல்பட்டி நாகவல்லியம்மாளோடு உங்கள் தாயாரை வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் முப்பது வருஷமாக நல்லது கெட்டது கிடையாது, உடனே மாற்றுங்கள் என்று நீங்கள் கோபமாக எழுதிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதன்பின் என் காது அந்த அறையிலேயே இருந்தது. இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நடுவிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்து உங்கள் தாயார், "ஏ செம்பே, சிலரு மாத்திரையைத் திங்காம தலகாணிக்கடியில ஒளிச்சு வைக்கிறாக" என்பார். நாகவல்லியம்மாளும் செம்பைப் பார்த்தே, "சிலருக்குக் கண்ணு தெரியாட்டியும் அடுத்தவுக தலகாணி மட்டும் நல்லாத் தெரியுது" என்பார். இந்த ஜாடைப் பேச்சு கைகலப்பில் போய் முடியும் என்று பயந்தேன். ஆடி கழியட்டும் என்று பொறுத்து, ஆவணி பிறந்ததும் உங்கள் தாயாரைக் காது கேளாத சீதையம்மாள் அறைக்கு மாற்றினேன். சண்டைக்கே வழியில்லை என்று எனக்குள் பெருமை வேறு. உங்கள் தாயார் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை நாகவல்லியம்மாள் இறந்துபோனார். படுக்கையைச் சுருட்டியபோது தலையணைக்கடியில் பதினான்கு மாத்திரைகள் கிடந்தன. அறை மாற்றிய நாளிலிருந்து நாங்கள் கொடுத்தவை அத்தனையும். அதுவரை ஏசி ஏசியே அவரை விழுங்க வைத்தவர் உங்கள் தாயார். எனக்கு அது சண்டையாகக் கேட்டது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்து என்ன கிழித்தேன், தம்பி?

கெட்டதுக்குப் போகாத வீடாயிற்றே என்று உங்கள் தாயாரிடம் சொல்லாமலே எல்லாம் முடித்துவிட்டோம். நேற்றுச் சாயங்காலம் அவர் செம்பைப் பார்த்து, "அங்குட்டு மாத்திரை தின்னாச்சான்னு கேளு" என்றார். பக்கத்தில் நான்தான் நின்றேன். தின்னாச்சு என்று சொல்லிவிட்டேன்.

இன்றும் கேட்பார். நான் உண்மையைச் சொன்னால், பகை வீட்டுச் சாவுக்கு அழுதால் மகன் என்ன நினைப்பானோ என்று அடக்கிக்கொள்வார் என்றே பயப்படுகிறேன். லீவு போட்டு ஒருமுறை வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். அழலாம் என்றும் சொல்லுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
புஷ்பவள்ளி