உங்கள் பிழைகளைத் திருத்துகிறவள்

ரொம்சோஸ், ஒஸ்லோ.
28.05.2005

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது நீங்கள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். வெறும் வயிற்றோடு வாசிக்கிற கடிதம் இல்லை இது. நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதியைத்தான் நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கே தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் தொடங்கினால் அது சண்டையில்தான் போய் நிற்கும். நீங்களும் "சரி, சரி, நீர் சொல்லுறதுதான் சரி" என்று என் வாயை அடைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவீர்கள். கடிதம் என்றால் நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லலாம்.

முதலில் வீட்டுப் புதினம். தக்சனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் அப்பாவைப் போலவே இருக்கிறான். வர்சா என்னிடம் கேளாமல் தலைமயிரைத் தோள் மட்டத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பேசினேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டாள். போன செவ்வாய் எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டுகிற நாள். மற்ற வீடுகளில் எல்லாம் புருசனும் மனுசியுமாக இறங்கினார்கள். நான் தனியே குப்பை வாரியோடு நின்றேன். மூன்றாம் மாடிக்காரி, உன் மனுசன் இன்னும் படித்து முடிக்கவில்லையா என்று கேட்டாள். முடிக்கப்போகிறார் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். ஆனி ஏழாம் திகதி உங்கள் நீநொர்ஸ்க் பரீட்சை. இது மூன்றாவது தரம். இதிலும் தவறினால் இன்னொரு தரம் எழுத விடமாட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். மற்றப் பாடமெல்லாம் பாஸ். கணிதத்தில் வகுப்புக்கே முதலாவது. இந்த ஒன்றுதான் வாசலுக்குக் குறுக்கே கிடக்கிறது. நோர்வே மொழிக்கு எழுத்து வழக்கு இரண்டாம்; நாங்கள் ஒஸ்லோவில் பழகிய பூக்மோல் ஒன்று போதாதாம், ஆசிரியராக வருகிறவர் மற்றதான இந்த நீநொர்ஸ்க்கிலும் எழுதிக் காட்ட வேண்டுமாம். கணக்குப் படிப்பிக்க வருகிற மனுசனுக்கு இது எதற்கு என்று கேட்டால், சட்டம் என்கிறீர்கள். குரோருட்டில் அந்தப் பள்ளிக்கூட அதிபர், சான்றிதழோடு வந்தால் ஆவணியில் இருந்து வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். வராவிட்டால் நீங்கள் பழையபடி விடியற்காலை எழும்பிக் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கப் போக வேண்டும். அவ்வளவு தூரம் வொல்டாக் கல்லூரிக்குப் போய்ப் படித்த நாலு வருசமும், நான் இங்கே தனியே இழுத்த நாலு வருசமும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எரிகிறேன்.

தை மாதத்துக்குப் பிறகு வந்த உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் பெயர் இல்லாத பக்கம் ஒன்றும் இல்லை. ஹம்சத்வனி. பெயரே கச்சேரிக்குப் போட்ட நோட்டீஸ் மாதிரி. சின்ன வயதிலேயே மேற்குக் கரையில் மீன் தொழிற்சாலை இருக்கிற ஒரு ஊருக்குத் தகப்பனோடு வந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீநொர்ஸ்க்கிலேயே படித்து வளர்ந்தவளாம். உங்களோடு ஒரே வகுப்பாம். நீங்கள் மூழ்குகிற இடத்தில் அவள் நீந்துகிறாளாம். ஹம்சத்வனி இப்படித் திருத்தினாள், ஹம்சத்வனி அப்படிச் சொன்னாள், ஹம்சத்வனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களோடு குடும்பம் நடத்துகிற இந்தப் பதினாறு வருசத்தில் எனக்கு எப்போது சிரிப்பு வந்தது என்று ஒரு கடிதத்திலாவது எழுதியிருப்பீர்களா?

நான் வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் முன்பெல்லாம் உங்களுக்கு அரை வருசம் போகும். இப்போது சித்திரைக்கு முன்பே முடிந்துவிட்டது என்று எழுதினீர்கள். ஒரு மனுசன் தனியே அவ்வளவு தூள் தின்றால் ஆஸ்பத்திரியில்தான் கிடப்பான். கேட்டால், படிக்கிற நாட்களில் அவள்தான் சமைக்கிறாள், பாதியை அவளுக்குக் கொடுத்தேன் என்கிறீர்கள். விறாந்தைக் கதவைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டாரின் இருமலையும் கேட்டுக்கொண்டு நான் வறுத்த தூள், அவளுடைய சட்டியில் கொதிக்கிறது.

அதைவிட இன்னொன்று. இராசதுரை அண்ணை ஒரு கலியாண வீட்டுக்கு அந்தப் பக்கம் வந்தபோது உங்களை எட்டிப் பார்த்தாரே. திரும்பி வந்து கோயிலில் வைத்து என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி, அந்தப் பிள்ளை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுது, குலேந்திரன், இஞ்சை வாங்கோ, இதைப் பாருங்கோ எண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். நோர்வேக்காரர் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் தெரியும். என் வேலையிடத்தில் என் பெரிய மேலாளரையே நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் கலியாணம் கட்டிய நாளில் இருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. பத்திரத்தில் எழுதியிருக்கிறேன், அர்ச்சனைக்குக் கடுதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூப்பிடுகிறாளோ.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், அவள் உங்களுக்குத் தேவையில்லாமல் நானே படிப்பிப்பது என்று. நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. நூல்நிலையத்தில் நீநொர்ஸ்க் புத்தகம் எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது வாசித்தேன். பழகின சொல்லெல்லாம் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றது. வர்சா பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கிறாள் என்று அவளைக் கேட்டேன். "அம்மா, எங்கடை வகுப்பிலை நோர்வேப் பிள்ளையளுக்கே இது வராது, உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றாள். உன் அப்பாவுக்கு உதவி செய்ய என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தாள். பெண் பிள்ளை, வயதும் பதினாலு, அவளுக்கு விளங்காமலா இருக்கும்.

எப்படியோ இரண்டு கிழமை முக்கி முனகி ஒரு பக்கம் எழுதினேன், ரொம்சோசில் பனிக்காலம் என்று. இப்படி எழுதிப் பழகுங்கள் என்று உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினீர்கள். அவள் சிவப்புப் பேனையால் பக்கம் முழுக்கத் திருத்தி, கடைசியில் 'நல்ல முயற்சி' என்று நோர்வே மொழியில் எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் கீறியிருந்தாள். நீங்களும் பெருமையாக அதைத் திருப்பி எனக்கே அனுப்பி வைத்தீர்கள். அத்தான், படித்த மனுசன், கணிதத்தில் முதலாவது. எந்தப் புருசனாவது இப்படிச் செய்வானா? அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. பிள்ளைகள் பாண் தின்றார்கள். நீங்கள் கூப்பிட்டபோது தலையிடி என்று வர்சாவைக் கொண்டு சொல்லுவித்ததும் அதனால்தான்.

வைகாசி பதினேழாம் திகதி, நோர்வேக்காரரின் தேசிய நாள் கொடி ஊர்வலத்துக்கு நீங்கள் வந்தீர்கள். வந்த மனுசனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில், பரீட்சை மாதிரியே எழுதிப் பார்க்கப் போகிறேன் என்று பழைய வினாத்தாளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். தேத்தண்ணீர் கொண்டு வந்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. பிறகு வடை கொண்டு வந்தேன். தேத்தண்ணீர் ஆறிப் போயிருந்தது, தாள் அப்படியே இருந்தது. பல்லு விளக்கிக்கொண்டே வர்சாவின் கணக்கைச் செய்து கொடுக்கிற மனுசன் நீங்கள். அன்றைக்குப் பேனையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சும்மா இருந்தீர்கள். நான் வந்து நின்றதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. உங்களுக்குப் பயம் வரும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நீங்கள் பயந்ததே இல்லையே.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் கைத்தொலைபேசியில் இருந்து அவளுடைய இலக்கத்தை எடுத்துக் கூப்பிட்டேன். நான் ஆர் என்று சொல்ல வேண்டுமே. நாக்கு வரவில்லை. ஆனால் வேறு வழியில்லை. "நான் குலேந்திரன்ரை மனுசி கதைக்கிறன்" என்றேன். உங்கள் பெயரை முதன்முதலில் வாயால் சொன்னது அவளுக்குத்தான், பாருங்கள் என் விதியை. என்ன விசயம் என்றுகூட அவள் கேட்கவில்லை. "அக்கா, அவர் எழுதாமல் இருக்கிறாரோ?" என்றாள். ஓம் என்றேன். "முதல் பந்தியிலைதான் எப்பவும் நிண்டுடுவார். அதை விட்டுட்டு ரெண்டாம் பந்தியிலை இருந்து தொடங்கச் சொல்லுங்கோ. முதல் பந்தியைக் கடைசியா எழுதலாம். இல்லாட்டி ஏலாது எண்டு எழும்பிடுவார், அக்கா" என்றாள். குரலில் ஒரு களவும் இல்லை. நல்ல பிள்ளையின் குரல். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் வந்து, இரண்டாம் பந்தியில் இருந்து எழுதிப் பாருங்கோவன் என்று, எனக்கே தோன்றிய மாதிரிச் சொன்னேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு எழுதத் தொடங்கினீர்கள். மூன்று பக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பி வந்து, நீர் நல்ல யோசனை சொன்னீர் என்று என்னைப் புகழ்ந்தீர்கள். அந்தப் புகழ்ச்சியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் அது ஆருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

திரும்பிப் போய் நீங்கள் எழுதிய கடிதம்தான் வியாழக்கிழமை வந்தது. என் முகத்தைப் பார்த்தே விளங்கியதாம். எனக்குப் பிடிக்காவிட்டால் அவளோடு படிப்பதை இன்றோடு நிறுத்திவிட்டுத் தனியே படிக்கிறேன், ஒரு சொல் சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லுக்காகத்தானே நாலு மாதமாக எரிந்துகொண்டிருந்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க 'நிறுத்துங்கள்' என்று எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்தேன்.

நிறுத்த வேண்டாம். வாசிகசாலை பூட்டும் வரைக்கும் அவளோடு இருந்து படியுங்கள். அவள் சமைத்தால் சாப்பிடுங்கள். இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு பார்சல் வருகிறது, அதில் தூள் இரண்டு பொதி இருக்கிறது. அவளுடைய பொதியில் பெயர் எழுதியிருக்கிறேன். எரிச்சல் போய்விட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். நான் இங்கே எரிந்துகொண்டுதான் இருப்பேன், அது என் பாடு. நீங்கள் அதைப் பற்றி யோசித்து ஒரு சொல்லையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருசம் முதல் தரம் தவறியதை எனக்குச் சொல்ல உங்களுக்கு மூன்று கிழமை பிடித்தது. மார்கழியில் இரண்டாம் தரம் தவறியது பொங்கலுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவும் இனி ஒரு பிள்ளை உதவி செய்யப் போகுது என்று சொல்லத் தொடங்கி, வாய் தடுமாறித்தான் சொன்னீர்கள். ஆக, நீங்கள் தவறியது எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும். முதல் பந்தியில் நிற்பீர்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். உங்களோடு இத்தனை வருசம் இருந்த எனக்குத் தெரியாது. பாஸ் பண்ணியதை எல்லாம் எனக்குக் கொண்டுவருகிறீர்கள், பிழை விட்டதை எல்லாம் அவளிடம் கொண்டுபோகிறீர்கள். எனக்கு எரிகிறது இதுதான் அத்தான். தூளும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை.

ஏழாம் திகதி காலையில் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். பயப்படாமல் எழுதுங்கள், முருகன் பக்கத்தில் நிற்பான். பெறுபேறு வரும் நாளில் நான் வேலையில் நின்றாலும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். பாஸ் என்றால் முதலில் அவளுக்கே சொல்லுங்கள், பாடுபட்டவள், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. பெயில் என்றால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
சிறிதேவி