மைக்கில் சொன்ன ஜெபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அது பொய்யாகிவிடும். உன் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். போனில் நீ போட்ட கூச்சலில் என்னால் எதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

புருஷனிடம் அடி தாங்காமல் அவள் ஓடி வந்ததும், தையல்காரம்மா தன் கடையின் பின்னறையில் எங்கள் இருவரையும் ஒளித்து வைத்ததும் உனக்குத் தெரியும். அவளுடைய ஜெபக்கூட்டத்தை நான் 'கத்தல் கும்பல்' என்று கிண்டல் செய்வேனே, அவர்கள்தான் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஆனால் கத்துகிறவர்கள் கத்தத்தானே செய்வார்கள்! ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முட்டைக்காரம்மா மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, உருகி உருகி ஜெபித்திருக்கிறாள்: "ஆண்டவரே, தையல்கடை பின்னாடி ரூம்ல இருக்குற அந்தப் பொண்ண, அவன் கண்ணுல படாம மறைச்சு வையுங்கப்பா." வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டது. அவன் முனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இரும்புக் கம்பியோடு வந்தான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது, தையல் மிஷின் கவிழ்ந்தது. தங்கச்சியை முடியைப் பிடித்து இழுத்து முகத்திலேயே அடித்தான். தாடை உடைந்துவிட்டது. தடுத்த கையும் முறிந்தது. எங்களுக்குக் காவல் இருந்த தையல்காரம்மா அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். மீதி அடியெல்லாம் அந்த முதுகில்தான். பாவி நான், அலறினேனே தவிரக் கால் நகரவில்லை.

என் அலறல் கேட்டு, பாட்டைப் பாதியில் விட்டுக் கூட்டமே ஓடி வந்தது. முதலில் நுழைந்தவள் முட்டைக்காரம்மா. கம்பி அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்தும் அவன் காலைக் கட்டிக்கொண்டு அவள் விடவே இல்லை. மற்றவர்கள் மேலே விழுந்து அவனை அமுக்கி, கடைத்துணியால் கட்டினார்கள். கீழே விழுந்த கம்பியை நான்தான் எடுத்தேன். அவன் மண்டைக்குக் குறிவைத்து ஓங்கியும் விட்டேன். தரையில் கிடந்த தையல்காரம்மா, "வேணாம்க்கா, அவ பாக்குறா" என்றாள். கம்பியைப் போட்டுவிட்டேன்.

உங்கப்பா என்னை அடித்த காலத்தில் அந்தச் சத்தம் அக்கம்பக்கமெல்லாம் கேட்டது. ஒருவரும் வரவில்லை. சாமியும் வேண்டாம், சனமும் வேண்டாம் என்று அன்றோடு ஒதுங்கிவிட்டவள் நான். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கும்பலோடு முழங்கால் போடுகிறேன். முட்டைக்காரம்மா தலையில் கட்டோடு, என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். நானே போய் அவள் கையைப் பிடித்தேன். ஆண்டவர் இருக்கிறாரா என்று நீ கேட்பாய். கூப்பிட்டால் ஆள் வருகிறது என்று கண்ணால் கண்டேன், எனக்கு அது போதும்.

அவன் ஜெயிலில் இருக்கிறான். வெளியே வந்ததும் வெட்டிப் போடுவேன் என்று நீ கத்தினாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கச்சி நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு கட்டிலோரம் சுருண்டுவிட்டாள். பேசுறது அண்ணன்டி என்று சொன்னேன். சொல்லியும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வா, கண்ணா. கட்டாயம் வா. கையில் ஒன்றும் இல்லாமல் வா. வாசலிலேயே நின்று அவளை மெதுவாகக் கூப்பிடு. அது உன் குரல்தான் என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக.

உன் அம்மா