அக்காள்மடத்துக் கல்யாணத்தில் எரியாத ஃப்ளாஷ்

இன்று சாயங்காலம் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தப்பான விடையை அழித்து அழித்துத் தாளே நைந்துபோய்விட்டது. அவள் ஊதிவிட்ட ரப்பர் தூள் என் பக்கம் பறந்து வந்தது. அந்த வாசனை பட்டதும் அடுப்பிலிருந்ததை இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அம்மா இப்படி எழுந்து போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள் என்று இந்த இரண்டு வருஷத்தில் பழகிவிட்டாள்.

உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நயினார்கோவில் பக்கத்தில் மிளகாயும் நெல்லும் போட்ட வீட்டிலிருந்து நான் வந்தேன். உங்கள் வீடும் அப்படித்தான். வயலை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்குக் கிளம்பியபோது, உங்கள் அய்யா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இவன் நெழலப் புடிச்சு ஒனக்குச் சோறு போடப் போறானாம்மா." நீங்கள் சிரித்தீர்கள். நான் பயந்தேன். சோறு என்னவோ குறைவில்லாமல்தான் கிடைத்தது.

முதலில் நான் பையைத் தூக்குகிறவள். சடங்கு வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆம்பளை வரக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் வாசலில் நின்றபடி கேமராவை என் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவீர்கள். அப்படித்தான் நானும் படம் எடுக்கிறவள் ஆனேன். டிஜிட்டல் கேமரா வாங்கியதும் எனக்குத்தான் கொண்டாட்டம். எடுத்த படத்தை அப்போதே பின்னால் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அதில் ஒரு குறை இருந்தது. பிலிம் கழுவுகிறவரைக்குமாவது முன்பெல்லாம் நிம்மதியாக இருந்தோம், இதில் தப்பு உடனே முகத்தில் அறைகிறது என்பீர்கள்.

தப்பு பெரும்பாலும் அந்தப் பெரிய ஃப்ளாஷில்தான் வரும். கேமராவின் தலையில் தனியாக மாட்டுகிற அது, நம் மகளைவிட அதிகமாக அடம்பிடித்தது. ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. நான் எரிச்சல்பட்டு அதைத் தட்டுவேன். நீங்கள் வாங்கி, மடியில் துண்டை விரித்து, அதன் மேல் வைத்துப் பார்ப்பீர்கள். "மொதல்ல ஒன் கையச் சந்தேகப்படு, அப்புறம் பேட்டரி, கடைசியாத்தான் மெஷினு" என்பது உங்கள் வாய்ப்பாடு.

அப்புறம் உங்கள் கிட்னி கெட்டது. கால் வீங்கியது, சோறு பிடிக்காமல் போனது, மதுரைக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போவதும் வருவதுமாக வாழ்க்கை பஸ்ஸிலேயே ஓடியது. போகிற வழியில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்குவீர்கள். பார்க்கிறவர்கள் நாம் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நினைக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள்.

அக்காள்மடத்துக் கல்யாணத்தை நீங்கள் நன்றாக இருந்தபோது ஒத்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாண நாள் நெருங்கும்போது மூச்சுத்திணறல் என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நெருக்கமான முகூர்த்த நாள், வேறு ஆளும் கிடைக்கவில்லை. நான் போகப்போவதில்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது உங்கள் காதில் விழுந்துவிட்டது.

"நீ போகலைன்னா அந்தப் புள்ள இன்னொரு தடவ தாலி கட்டிக்கிருமா? தம்பி இங்கன இருக்கான்ல. போயிட்டு வா."

போயிட்டு வாரேன் என்றேன். உங்கள் கை சில்லென்று இருந்தது. போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மணமகள் வீட்டுக்காரர்கள் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டு வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டு மணவறை வைத்திருந்தார்கள். மணவறைக்குப் பின்னால் கொட்டகை திறந்து கிடந்தது. அந்த வழியாகக் கடல் வெயிலில் கண்ணைப் பறித்தது. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் கறுப்பாகத்தான் விழுவார்கள். மாப்பிள்ளையை உட்காரவைத்தாயிற்று. பெண்ணை அழைத்துவரப் போனார்கள். நான் கேமராவை அழுத்தினேன். ஃப்ளாஷ் எரியவில்லை. மறுபடி அழுத்தினேன். எரியவில்லை. பேட்டரியை மாற்றினேன். அப்படியேதான் இருந்தது.

உங்கள் தம்பிக்குத்தான் போன் போட்டேன். அவரிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, போன் உங்கள் கைக்கு வந்துவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன்.

"அத அப்புறம் பேசலாம். ஃப்ளாஷுக்குப் பின்னாடி சின்ன லைட் எரியுதா?"

எரிகிறது என்றேன். அதன் பக்கத்திலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னீர்கள். பளிச்சென்று அடித்தது.

"அப்ப ஃப்ளாஷும் நல்லாருக்கு, பேட்டரியும் நல்லாருக்கு. அதுக்கும் கேமராவுக்கும்தான் பேச்சுவார்த்த இல்ல. கழட்டி அடியில பாரு."

அடியிலிருந்த சின்னச் சின்ன ஊசிமுனைகளில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்றின் உப்பு. ரப்பர் கேட்டு வாங்கித் தேய்க்கச் சொன்னீர்கள். மணமகளின் தங்கை பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். முனைகளையும் கேமராவின் தலையிலிருக்கும் தகட்டையும் தேய்த்து ஊதினேன். முட்டுகிற வரைக்கும் தள்ளி மாட்டு, பூட்டைத் திருகு என்றீர்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசினீர்கள். நான் செய்து முடிப்பதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை எரிந்தது. ஆனால் படத்தில் கீழ்ப்பாதி இருட்டாக விழுந்தது. அழுகிற குரலில் சொன்னேன். நீங்கள் பதறவே இல்லை.

"ஷட்டர் ஸ்பீடு கூடக் கெடக்கும். வெயிலுக்கு ஏத்தி வச்சிருப்ப. கொற." கொஞ்சம் பொறுத்து, "இப்ப வந்துச்சா?"

"வந்துருச்சுங்க."

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. போனை வைத்துவிட்டேன். வச்சுர்றேன் என்றோ, சாப்பிடுங்க என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாலி கட்டியது, அட்சதை விழுந்தது, பெண்ணின் அம்மா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தது என எல்லாமே அருமையாக வந்தன. உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பந்தியில் எடுத்தேன். சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பையை மூடும்போது உங்கள் தம்பி போனில் கூப்பிட்டார்.

"மதினி, பந்தி முடிஞ்சுருச்சா?"

இவருக்கு எதற்குப் பந்திக் கவலை என்று நினைத்தேன். முடிஞ்சுருச்சு, ஏன் என்றேன். பதிலுக்கு அவர் அழுகைதான் கேட்டது.

பாம்பன் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தபோது மடியில் கேமரா இருந்தது. அதற்குள் ஒரு கல்யாண வீடே சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் இல்லாமல் போயிருந்தீர்கள். எனக்கு என்ன ஆனாலும் பந்தி முடிகிறவரைக்கும் அவளுக்குச் சொல்லாதே என்று காலையிலேயே தம்பியிடம் சொல்லிவைத்ததும் நீங்கள்தான். சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னீர்கள். எனக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்ததற்கு உங்கள் மேல் கோபப்பட்டேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் கோபத்தில்தான் அழுதேன். ஊர் அதை வேறு அழுகை என்று நினைத்திருக்கும்.

அப்புறம் நல்ல காரியங்களுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் வாய்விட்டுக் காரணம் சொல்லவுமில்லை. வெறும் நெற்றியோடு மணவறைக்கு முன்னால் நிற்கிறவளை எப்படிக் கூப்பிடுவார்கள்? பாஸ்போர்ட் படம் எடுத்துக் காலம் தள்ளினேன். ஒரு நாள் அக்காள்மடத்திலிருந்து அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பெண்ணுக்கு வளைகாப்பு. நீங்கள் போன செய்தி தெரிந்ததும் அந்த வீட்டில் யாரும் சாப்பிடாமல் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார்களாம்.

"எங்களுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா நாங்களே வண்டி வச்சு ஒங்கள அனுப்பியிருப்போம்" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்புக்கு நீங்கதான் வரணும், முன்னாடி நின்னுதான் எடுக்கணும் என்று அம்மாவும் சொன்னார். போனேன். அன்றையிலிருந்து ஒவ்வொன்றாக வேலை வரத் தொடங்கியது.

போன மாதம் உங்கள் தம்பி வந்திருந்தார். மகள் தூங்கிய பிறகு, இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். அன்றைக்கு என்னிடம் பேசுவதற்காக ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டீர்களாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் அதை உங்கள் முகத்தில் பிடிப்பாராம், நீங்கள் விலக்குவீர்களாம். நான் செய்து முடிக்கக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேனே, அது நீங்கள் மூச்சுக்குத் தவித்த நேரம். பேசி முடித்ததும் மாஸ்க்கை மாட்டவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வந்துருச்சாம்டா" என்றீர்களாம். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது மதினி என்றார். என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாரோ என்னவோ. நான் மறுபடி கேட்கவில்லை. அப்படியே நம்பி வைத்திருக்கிறேன்.