பேர் சொல்லாத பங்காளி

அக்கா,

காலைத் தூறலில் கம்பளி நனைந்துவிட்டது. உலர்த்தப் பிரித்தேன். அந்த ஈர ரோம வாசனையில் நீயே பக்கத்தில் வந்து நின்றது போல் இருந்தது. நீ போர்த்திய கம்பளி அது. துவைக்க மனம் வரவில்லை.

தூரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி கட்டடங்கள் மூட்டத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தன. ஏரிக்கு இந்தப் பக்கம், விற்காத மனைகளின் நம்பர் கற்களுக்கு நடுவே நம் ஆடுகள். இப்படி ஒரு மூட்டத்தில்தான் நாம் இரண்டு பேரும் அதை முதலில் பார்த்தோம். கல்லோடு கல்லாக நின்றது. பிறகு அங்கே மூட்டம் மட்டும் இருந்தது. நான் வாய் திறக்கும் முன் நீ என் கையைப் பிடித்தாய்.

"பேரச் சொல்லாத. கூப்பிட்டோம்னு நெனச்சுக்கும். பங்காளின்னு சொல்லு."

ஆட்டில் பங்கு கேட்டு வருவதால் நம் வீட்டில் ஓநாய்க்கு அந்தப் பேர். ஓநாய்களைக் காப்பாற்ற ஊர் ஊராக வருகிற அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"பங்காளி ரெண்டு குட்டியக் கடிச்சுப் போட்டுட்டான்மா" என்று நீ சொன்னதும் பதறிப்போனாள்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லலாம். நாலு காலுக்கு வெலங்கு வெச்சிருக்காங்களா?"

"ஓ, தோளாவா!" என்று அவள் கன்னடத்தில் பேரைச் சொல்லிவிட, நீ அவள் வாயைப் பொத்தினாய். "அதுக்குக் கன்னடமும் புரியும்."

அதைக் கொன்றால் ஜெயில், பட்டிக்கு உயரமான வலை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குள் உன் வீட்டுக்காரர் பூச்சிமருந்து வாங்கி வந்துவிட்டார். செத்த குட்டிகளில் தடவி ஏரிக்கரையில் போடப்போகிறாராம்.

"நம்ம நாயும் அதத்தான் திங்கும்" என்றாய்.

"கட்டிப் போடு."

"ஊர் நாய யாரு கட்றது? நீ ஜெயிலுக்குப் போனா ஆட்ட யாரு ஓட்றது?"

"ரொம்பத்தான் பரிஞ்சு பேசற. ஒனக்கு என்ன ஒறவு அவன்?"

"அவன் ஒனக்குப் பங்காளின்னா, அவன் பொண்டாட்டி எனக்கு ஓரகத்தி. அவளுக்கும் குட்டி இருக்கும்."

நானும் உனக்கு ஓரகத்திதான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம்மில் தம்பி மனைவி மூத்தார் முன்னால் வந்து பேசும் வழக்கமில்லை. நீ குட்டிகளைத் தூக்கிப்போய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாய். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிறகு அந்தப் பெண்ணின் வலையில் பட்டி கட்டினோம். பட்டிக்குள் அது வரவில்லை. மேய்ச்சலில் எப்போதாவது ஒன்று போகும்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. சில காலைகளில் நீ முன்னால் ஆடு ஓட்டிப் போவது போலவே தெரிகிறது. கூப்பிடப் போய் நின்றுவிடுகிறேன்.

போன வாரம் மேய்ச்சலில் ஒரு குட்டி போயிற்று. மூத்தார் அதைத் தூக்கிவந்து வாசலில் போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கடைக்குப் போகச் சட்டையை மாட்டினார். எதற்கென்று எனக்குத் தெரியும். தடுக்க நீ இல்லை. எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியவில்லை, வந்துவிட்டேன்.

"மருந்து வேணாம். பொதச்சிட்டு வாங்க."

இத்தனை வருடத்தில் அவர் என் குரலை நேராகக் கேட்டது அப்போதுதான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மம்மட்டி எங்கம்மா?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன், அக்கா. அவர் குழியை மூடித் திரும்பும்வரை உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். நீ போட்ட சண்டை இனி என்னுடையது.