புதன்கிழமைப் பூச்சாண்டி

மார்ச் 4, புதன்

மதியத்துக்குள் ஒன்பது வதந்திகள். நாங்கள் கிரிப்டோ காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் ஓடிவிட்டார். ஏதோ ஒரு தீவில் ஆடு மேய்க்கிறார். ஆடுகளுக்கென்று தனி காயின் வெளியிடப்போகிறார்.

புதன் எங்கள் கிரிப்டோ அரட்டைக் குழுவில் பூச்சாண்டி நாள். யாரும் யாரையும் பயமுறுத்தலாம். நம்பிப் பதறி, இருப்பதை விற்றுவிட்டு வருகிறவருக்கு ஒரு வாரத்துக்குத் 'தொடைநடுங்கி' பட்டம்.

நான் அட்மின். வதந்தி வந்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு சொற்பத் தொகையை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்தில் என் கைக்கு வந்தால், 'பூச்சாண்டி. சோதித்தேன்' என்று போடுவேன். அதன் பிறகு எல்லோரும் நிம்மதியாகச் சிரிக்கலாம்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் 'மூன்றாம் படி'. ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மார்ச் 7, சனி

அக்கா ஒரு அறையைக் காட்டக் கூட்டிப்போனாள். சலவைக் கடைக்கு மேலே, வடக்குப் பார்த்த ஜன்னல். பதினொரு வருடமாக இன்னொருவர் பட்டறையில் பல்செட் செய்கிறாள். இனி சொந்தமாக.

"பல் கலரை பல்பு வெளிச்சத்துல பாத்தா ஏமாத்திடும்டா. வடக்கு ஜன்னல்தான் பொய் சொல்லாது."

"பணம்?"

"அதெல்லாம் ரெடி. பல்லைச் சுடுற சூளை மட்டும் புதுசா வாங்கணும். மாசக் கடைசிக்குள்ள முன்பணம் குடுத்தா அறை நமக்கு."

பணத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை.

மார்ச் 11, புதன்

எழுதிவிடுவது நல்லது. ஜனவரியிலிருந்து நான் எதையும் சோதிப்பதில்லை.

ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கிறார்கள். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். எப்போதும் பணம் வந்துவிடுகிறது. இப்போது போனில் 'பூ' என்று தட்டினால் முழு வாக்கியமும் தானே வந்து நிற்கிறது. சோதித்தேன் என்ற சொல்லோடு சேர்த்து.

இதைப் பொய் என்பதா? தெரியவில்லை. பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

குழுவில் ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் 'ஆனால்' என்றுதான் தொடங்குவார். பட்டமும் அதுவே. நல்ல செய்தி வந்தாலும், ஆனால் சான்று எங்கே? கெட்ட செய்தி வந்தாலும் அதே கேள்வி. ஒருமுறைகூட விளையாடியதில்லை. கல்யாண வீட்டில் மொய்க்கவரைப் பிரித்து எண்ணிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார் என்று அவரைக் கிண்டல் செய்வார்கள்.

மார்ச் 13, வெள்ளி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களின் பிழை திருத்துவதுதான் என் வேலை. இன்று முழுவதும் ஒரே தாள். மயக்கம் வரலாம். வாய் உலரலாம். அரிதாக, மரணம்.

மேலாளர் அம்மா கேட்டார்: "இதை எவன் படிக்கிறான்னு நினைக்கிறீங்க?"

"நான் படிக்கிறேன்."

"உங்களுக்குச் சம்பளம் வருதுப்பா."

மார்ச் 18, புதன்

மதியம் ஒன்று பத்து. சாப்பாட்டு அறை. 'ஆனால்' எழுதியிருந்தார்:

"ஆனால் காலைல பத்து மணிக்கு எடுத்த பணம் எனக்கு இன்னும் வரலை. விளையாட்டு இல்லை."

"அடேங்கப்பா, ஆனால் அண்ணனே பூச்சாண்டி காட்ட ஆரம்பிச்சுட்டாரு!"

"நடிப்பு பத்தலை அண்ணே. கொஞ்சம் அழுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. வலது கையில் சோறு. இடது கட்டைவிரலால் 'பூ' என்று தட்டினேன்.

ஐந்து இருபதுக்கு எக்ஸ்சேஞ்சின் அறிவிப்பு வந்தது. பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது.

நடந்தது இவ்வளவுதான்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு மணிக்கு முன் பணம் எடுக்கக் கேட்டவர்களுக்கு நேற்றே கைக்கு வந்துவிட்டதாம். 'ஆனால்' உட்பட.

ஒன்று பத்திலிருந்து இரண்டு வரை. ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் என் முத்திரைதான் குழுவின் உச்சியில் நின்றது.

அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி: "உங்க மேல கோபம் இல்லை. ஆனால் நீங்க சோதிச்சீங்களா?"

பதில் எழுதவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீடு. சமையலறை மேசையில் மெழுகில் பல் வரிசை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த அறை வேண்டாம்னு சொல்லிட்டேன்டா."

"ஏன்?"

"பணம் அந்த எக்ஸ்சேஞ்சுல இருந்துச்சு. பேப்பர்ல பாத்திருப்பியே. மூடிட்டான்."

"நீ... அதுல போட்டிருந்தியா?"

"ரெண்டு வருஷமா. புதன்கிழமை எடுத்துடலாம்னுதான் போனேன். குழுவுல பூச்சாண்டின்னு போட்டிருந்தாங்க. சோதிச்சாச்சுன்னு. சரி, மாசக் கடைசி வரைக்கும் கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் நிமிரவில்லை. கத்தி மெழுகில் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். அப்போதே, அங்கேயே. தண்ணீர் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். என்ன பஸ்? பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது.

மார்ச் 25, புதன்

குழுவில் பூச்சாண்டி இல்லை. யாரோ பழைய ஆட்டுப் படத்தைப் போட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொன்னேன். ஜலதோஷம் இல்லை.

ஏன்டா இப்படி இருக்கே? அவ உன் கழுத்தையா நெரிக்கப் போறா? ஒரு வார்த்தை. நான்தான்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரல, ஜலதோஷம்னு சொல்ல மட்டும் வருது.

ஏப்ரல் 2, வியாழன்

எக்ஸ்சேஞ்ச் திவால். பத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கலாம், வருடங்கள் ஆகலாம் என்கிறார்கள். குழுவில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். மீதிப் பேர் இதுவும் பூச்சாண்டிதான், நாளை திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்றாம் படி அண்ணன் என்ன சொல்றார்?

'ஆனால்' கேட்ட கேள்விக்கு இன்று பதில் போட்டேன். "இல்லை." பார்த்துவிட்டார்.

பிறகு குழுவிலும் அதையே எழுதினேன். அன்று சோதிக்கவில்லை. ஜனவரியிலிருந்தே சோதிக்கவில்லை. முதல் பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்தது: "நல்ல பூச்சாண்டி அண்ணே. ஆனா இன்னிக்கு வியாழன்."

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அந்தக் குழுவுல மூன்றாம் படி நான்தான். அன்னிக்கு நான் சோதிக்கல."

அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தெரியும்."

"எப்படி?"

"சின்ன வயசுல கோவம் வந்தா மாடிப்படியில எங்க போய் உக்காருவே? வேற எவன்டா அப்படி ஒரு பேரு வெப்பான்? முதல் நாளே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்க? நீ இருக்கேன்னுதானே அந்தக் குழுவுக்குள்ள வந்தேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "மூடின அன்னிக்கே குழுவ விட்டு வந்துட்டேன். சோதிக்கலைங்கறதுதான் தெரியாது," என்று மட்டும் சொன்னாள். அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

சாப்பிட்ட பிறகு துணியில் சுற்றிய பல்செட்டையும் நிற அட்டையையும் என்னிடம் நீட்டினாள். நாளை முதலாளியிடம் கொடுக்க வேண்டியது.

"எனக்குக் கண்ணு அசந்துபோச்சு. கலர் ஒத்து வருதான்னு பாரு."

அவள் வீட்டில் வடக்கு ஜன்னல் இல்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, ஒவ்வொரு பல்லாக அட்டையோடு வைத்துப் பார்த்தேன். பதினான்கு பற்கள். மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் மாறியது. காத்திருந்து இன்னொரு தடவை.

இறங்கி வந்தபோது அவள் பாத்திரம் கழுவி முடித்திருந்தாள்.

"இடது பக்கம் நாலாவது கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

"பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"பாத்துட்டுத்தான்."

அவள் அதை வாங்கிக்கொண்டு தானே மாடிக்குப் போனாள்.